பதினோராயிரம் வோல்ட் தலைவர்

உலகத்துக்கு ஜனநாயகத்தைக் கொடுத்தது கிரேக்கம் என்கிறார்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கண்டுபிடித்தது சங்கரன்கோவில் பாவடி வடக்குத் தெருதான். கலங்கி நிற்கும் ஒரு தேசத்துக்குத் தலைமை என்றால் என்ன என்ற கேள்விக்கு, பெரிய நாடுகளின் அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியும் விடை காணவில்லை. இந்தத் தெரு இருபத்தெட்டே நாளில் விடை கண்டது. அந்த இருபத்தெட்டு நாளும் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை என்பது சின்ன விஷயம். வரலாறு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

இந்தப் பெருமைக்கு அடிக்கல் நாட்டியவர் குருநாதன். வயது ஐம்பத்திரண்டு. ஆறு விசைத்தறி வைத்திருக்கிறார். அதைவிட முக்கியமாக, கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது. கொடியின் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல இந்தக் கதைக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக அவர் கட்டாத கொடி அந்த வட்டாரத்தில் கிடையாது. அவர் உட்கார்ந்த மேடை நாற்காலியும் கிடையாது. மேடைக்குப் பின்னால் நின்று தண்ணீர் பாட்டிலும் துண்டுச் சீட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் கட்சி அவருக்கு ஒதுக்கிய இடம். அதில் அவருக்கு நிரம்ப வருத்தம் உண்டு. மனைவி பூமாரியிடம்கூடச் சொன்னதில்லை. பூமாரிக்கு அது கல்யாணமான வருடத்திலிருந்தே தெரியும்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் பெரிதாக ஒரு சத்தம் போட்டு, கறுப்பு ஆயிலைக் கக்கி, எரிந்து போனது. வீடுகளுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். பேன் சுற்றியது, டி.வி. ஓடியது. தறிக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், அது வரவில்லை. நாற்பது தறிகள் நின்றன. விடிந்தது முதல் தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து பழகிய தெருவில், அடுத்த வீட்டில் யார் யாரை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பது முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது. அதனால் சொந்தபந்தங்களுக்குள் விளைந்த சேதம் தனி.

குருநாதனிடம் பதினான்கு வருடமாகத் தறி ஓட்டுகிறவர் மம்மது. ஆறு தறியும் சேர்ந்து ஓடும்போதே, எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அவர் இல்லாவிட்டால் தறியை எடைக்குப் போட வேண்டியதுதான் என்று குருநாதனே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். பதினெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை அந்த மம்மது வந்து, திருப்பூரில் மச்சான் கூப்பிடுகிறான், பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறதாம் என்றார். குருநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு மம்மது. நாளைக்கு நம்ம கூட்டம். சொற்புயல் முத்துமணி அண்ணன் வாராரு. அவரு வாயாலயே மேடையில சொல்ல வச்சு கரண்டைக் கொண்டாந்துருதேன்."

இந்தத் திங்கள் போகட்டும், அடுத்த திங்கட்கிழமை மத்தியான பஸ் வரைக்கும் பொறுக்கிறேன் என்று மம்மது சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இங்கே துண்டுச் சீட்டு என்னும் மாபெரும் மக்களாட்சி அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பேச்சாளருக்கு உள்ளூரில் எதுவும் தெரியாது. ஆகவே அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சீட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். இன்னார் பெயரைச் சொல்லவும், பேரூராட்சியை நகராட்சி என்று திருத்திச் சொல்லவும், மைக்கை விட்டுத் தள்ளி நிற்கவும் என்றெல்லாம் அதில் இருக்கும். பேச்சாளர் சீட்டைப் பிரித்து, கண்ணை மட்டும் ஓட்டி, பேச்சு நிற்காமல் உள்ளே சேர்த்துக்கொள்வார். எது சீட்டு, எது பேச்சு என்று கேட்பவருக்குத் தெரியாது. பல சமயம் பேச்சாளருக்கும் தெரியாது.

குருநாதன் சீட்டு எழுதினார். எழுத்துச் சுருக்கத்தில் அவர் கெட்டிக்காரர். 'டிரான்ஸ்பார்மர். எரிந்து 19 நாள். பாவடி வடக்குத் தெரு.' அவ்வளவுதான்.

சொற்புயல் முத்துமணி அந்தச் சாயங்காலம் உச்சத்தில் இருந்தார். "எல்லையிலே கலக்கம். சந்தையிலே கலக்கம். பாலிலே கலப்படம். இந்தக் கலங்கிய தேசத்துக்கு நம் தலைவர் யார்? கப்பலுக்கு மாலுமியா? இல்லை. மந்தைக்கு மேய்ப்பரா? இல்லை. இருட்டுக்கு விளக்கா? அதுவும் இல்லை" என்று, காலம் காலமாகத் தலைவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்த அத்தனை உவமைகளையும் வரிசையாக நிராகரித்தார். நிராகரித்து முடித்த பிறகுதான் கைவசம் வேறு உவமை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கூட்டம் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் குருநாதனின் சீட்டு கைக்கு வந்தது.

"டிரான்ஸ்பார்மர்" என்றார் முத்துமணி.

அவர் சீட்டின் அடுத்த வரிக்குப் போனார். "எங்கிருந்தோ வருகிற பதினோராயிரம் வோல்ட் துன்பத்தைத் தான் ஒருவரே தாங்கி, அதை நமக்கு இருநூற்று முப்பது வோல்ட் துன்பமாகக் குறைத்துக் கொடுக்கிறவர் நம் தலைவர். நமக்காகப் பத்தொன்பது நாளாக எரிந்தவர். அவர் டெல்லியில் இல்லை, கோட்டையில் இல்லை. எங்கே இருக்கிறார்? இதோ, உங்கள் பாவடி வடக்குத் தெருவில் இருக்கிறார்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தெருக்காரர்கள் மட்டும் தட்டவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள் என்றும் பாராமல் கரண்ட் ஆபீஸ் உதவிப் பொறியாளர் ரசீதா ஒரு லாரியோடு வந்து இறங்கினார். மூன்று வாரமாக மாவட்டக் கிடங்குக்கு நடையாய் நடந்து, மல்லுக்கு நின்று, ஒரு புது டிரான்ஸ்பார்மரை வாங்கி வந்திருந்தார். கடையநல்லூர்க்காரர், பேச்சு குறைவு, வேலை அதிகம். லைன்மேன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறப்போனார். ஏறியிருந்தால் மத்தியானம் தறி ஓடியிருக்கும். கதையும் இல்லை, தத்துவமும் இல்லை.

அதற்குள் மேடைப் பேச்சு கைபேசி கைபேசியாகப் போய்விட்டிருந்தது. எதிர்க்கட்சி நகரச் செயலாளர் தாஹா விடிவதற்குள் சுவரொட்டி ஒட்டிவிட்டார்: 'ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆம், எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்தான்.' கீழே, கருகி ஆயில் வடிந்து நிற்கும் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் படம். ஒன்பது மணிக்குக் கட்சித் தலைமையிலிருந்து குருநாதனுக்குப் போன் வந்தது. அவருடைய வாழ்நாளில் தலைமையிலிருந்து வந்த முதல் போன். எழுந்து நின்றுகொண்டு கேட்டார். தலைவரின் குறியீடாகக் கட்சி அறிவித்துவிட்ட டிரான்ஸ்பார்மரை, அறிவித்த மறுநாளே கயிறு கட்டிக் கீழே இறக்கினால் மக்கள் என்ன நினைப்பார்கள் என்று தலைமை கேட்டது. அவர் போய் லாரியை மறித்து நின்றார். அவருக்கே அது எப்படியோ இருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், எதிர்ப்பக்கமிருந்து தாஹாவும் வந்து மறித்து நின்றார். எரிந்த டிரான்ஸ்பார்மர் தங்கள் கட்சியின் 'பிரசார ஆதாரம்', தேர்தல் வரைக்கும் யாரும் அதன் மேல் கை வைக்கக் கூடாது என்றார். தாஹாவுக்கும் அதே தெருவில் எட்டுத் தறி இருந்தது. எட்டும் நின்றுதான் கிடந்தது. கொள்கைக்காகச் சொந்தத் தறியையே நிறுத்தும் இரண்டு தியாகிகள் ஒரே தெருவில் கிடைப்பது லேசில் நடக்கிற காரியமில்லை.

"இதை மாத்தச் சொல்லி நீங்க ரெண்டு பேரும்தானே அண்ணாச்சி மனு குடுத்திய?" என்று ரசீதா கேட்டார். கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கே டிரான்ஸ்பார்மருக்கு மாலை விழுந்தது. பந்தல் போடப்பட்டது. அசம்பாவிதம் தவிர்க்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பந்தலுக்கு இந்தப் பக்கம் குருநாதனும் அந்தப் பக்கம் தாஹாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து இரவு வரை எரிந்த இரும்புப் பெட்டி ஒன்றைக் காவல் காத்தார்கள். வேலையற்ற தறிகாரர்கள் அவர்களைக் காவல் காத்தார்கள்.

டி.வி.க்காரர்கள் விடுவார்களா? 'டிரான்ஸ்பார்மரா தலைவர்? எரியும் கேள்வி' என்று ஒன்றரை மணி நேர விவாதம் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், டிரான்ஸ்பார்மர் கரண்டைத் தானாக உண்டாக்குவதில்லை, வந்ததைத்தான் கொடுக்கும் என்று சொல்லப்போக, அவர் எந்தக் கட்சியின் கைக்கூலி என்று இரண்டு கட்சிக்காரரும் கேட்டார்கள். நாட்டின் மற்ற பிரச்சினைகள் விளம்பர இடைவேளையில் வந்து போயின.

ரசீதா மனம் தளராமல் ஒரு வழி தேடினார். அவருடைய வேலை உத்தரவில், 'பழுதடைந்த மின்மாற்றியை அகற்றிப் புதியது நிறுவுதல்' என்று இருந்தது. ஒரே வரியில் மூன்று தேசத்துரோகம் என்றது கட்சி. 'பழுது' கூடாது, 'அகற்றுதல்' கூடாது, 'புதியது' கூடவே கூடாது. சரி, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்துகிறேன் என்று அவர் இறங்கி வந்தார். அது வாரிசு அரசியலைத் தூண்டும் என்று கட்சியில் கலக்கம் எழுந்தது. பக்கத்தில் நிற்கப்போவது தலைவரின் மகனா, தங்கை கணவரா என்று மாவட்டத்தில் இரண்டு கோஷ்டியே உருவாகிவிட்டது. போதாததற்கு, பழையது நூறு கே.வி.ஏ., புதியது இருநூற்றைம்பது. தலைவரைவிட இரண்டரை மடங்கு ஆற்றலை அவர் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பதை எந்த உண்மைத் தொண்டன் பொறுப்பான்?

கடைசியில் தலைமை, எந்தப் பெரிய கட்சியும் செய்வதைப் போல, ஒரு குழு அமைத்தது. அதன் பெயர் 'உவமை ஆய்வு மூவர் குழு'. தலைவி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை ஹெலன். கூட ஒரு வக்கீல். மூன்றாமவர் கட்சி மாநாடுகளுக்கு சீரியல் செட் விளக்கு போடுகிறவர். மின்சாரத் துறை அனுபவத்துக்காகச் சேர்க்கப்பட்டார். இருபத்தாறாம் நாள் சனிக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் குழு கூடியது. குருநாதன் சாட்சியாக அழைக்கப்பட்டார்.

கிளம்பும்போது பூமாரி வாசலில் மறித்தாள். தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டையில் இருபத்தாறு நாளாகக் கை வைக்காததில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு, தறி ஓடல. இது ரெண்டை மட்டும் சொல்லுங்க. வேற எதையும் பேசிராதிய."

அவர் தலையாட்டினார். அதைத்தான் சொல்வதாக மனதாரவே நினைத்திருந்தார். போகிற வழியில் மம்மது வீட்டுக்குப் போய், இன்றைக்கு முடிந்துவிடும், டிக்கெட் போட்டுவிடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

குழு முற்பகல் முழுவதும் ஆராய்ந்தது. தலைவர் டிரான்ஸ்பார்மரைப் 'போன்றவரா' அல்லது டிரான்ஸ்பார்மரே 'தானா' என்று வக்கீல் கேட்டார். போன்றவர் என்றால் எரிந்ததைத் தள்ளுபடி செய்துவிடலாம்; தானே என்றால் ஆயில் வடிந்ததற்கும் கட்சி பொறுப்பேற்க வேண்டி வரும். ஆயில் வடிந்தது மக்களுக்காகச் சிந்திய வியர்வை என்று எடுத்துக்கொள்ளலாமே என்றார் சீரியல் செட்காரர். அந்தக் கருத்து ஒருமனதாகப் பாராட்டப்பட்டது. அதற்குள் மட்டன் பிரியாணி வந்துவிட்டதால் ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது. சாப்பிட்டு முடித்து, பீடாவும் போட்டுக்கொண்ட பிறகு, குருநாதனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. துணி உறை போட்ட நாற்காலி.

அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். கீழே வட்டத்துத் தோழர்கள் எல்லாம் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று வருடத்தில் அவர்களுடைய முகம் அந்த உயரத்திலிருந்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருந்தது.

பேராசிரியை ஹெலன் சாந்தமாகக் கேட்டார். "குருநாதன், நீங்க சீட்டுல எழுதினது கோரிக்கையா, உவமையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோரிக்கைன்னா, முத்துமணி மனுவை உவமைன்னு வாசிச்சுட்டாருன்னு ஆகும். அவர் பேர் கெடும். கட்சி பேர் கெடும். நீங்களும் கட்சியில இருக்க முடியாது. உவமைன்னா, தலைவருக்குப் புது உவமை தந்தவர் நீங்க."

குருநாதன் யோசித்தார். பூமாரி சொன்ன இரண்டு வாக்கியமும் தொண்டை வரைக்கும் வந்தன. மம்மதுவின் முகமும் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. கட்சிக் கரை வேட்டி இல்லாமல் தெருவில் நடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாற்காலியும் மெத்தென்று இருந்தது.

"உவமைதான்" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. வாக்குமூலம் ஏற்கெனவே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'பாவடி வடக்குத் தெருவில் எந்த டிரான்ஸ்பார்மரும் எரியவில்லை. எரிந்து என்ற சொல் தியாகத்தைக் குறிக்கும். நாள் எண்ணிக்கை கவிதை நயம் கருதியது.' குருநாதன் கையெழுத்துப் போட்டார். பேனா நடுங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனந்தத்தில் என்று கட்சி சொல்கிறது. அங்கேயே அவரை மாவட்ட இலக்கிய அணித் துணை அமைப்பாளராக அறிவித்து, சால்வை போர்த்தினார்கள். வாக்குமூலத்தின் நகல் எல்லா டி.வி.க்கும் போனது. மரியாதை நிமித்தம் கரண்ட் ஆபீஸுக்கும் ஒன்று போனது.

அதைப் படித்துவிட்டு ரசீதா ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்தார். பூமாரி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எரியலைன்னு நீங்களே எழுதிக் குடுத்தப்புறம் நான் எதை அண்ணாச்சி மாத்த முடியும்? மேல கேக்காங்க. பைலை மூடச் சொல்லிட்டாங்க. லாரி பனவடலிசத்திரத்துக்குப் போகுது. அங்கன ஒண்ணு எரிஞ்சிருக்கு. அங்க எரிஞ்சுச்சுன்னு சொல்ல ஆள் இருக்காங்க."

அவர் போன பிறகு பூமாரி அந்தக் காப்பி டம்ளரை எடுத்து வைத்தாள். கட்டிலில் மடித்து வைத்திருந்த சால்வையை எடுத்தாள். ஓரத்தைத் திருப்பி நெசவைப் பார்த்தாள். சூரத்துச் சரக்கு, நம்ம ஊர்த் தறியில் ஓடியது இல்லை என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். குருநாதனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் மம்மது ஒரு பையோடு திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப வந்த குருநாதனை, வழியெல்லாம் நாலு பேர் நிறுத்தி வாழ்த்துச் சொன்னதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தோளில் சால்வை இருந்தது. தலைமைக்கே நேரில் எழுதுகிறேன், இப்போது நான் சாதாரண ஆள் இல்லை, மாவட்டப் பொறுப்பு, ஒரே மாதத்தில் கரண்டைக் கொண்டுவந்துவிட்டுப் போன் போடுகிறேன் என்றெல்லாம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மம்மது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேச்சை மாற்றுவதற்காகக் குருநாதன், ஊரே அந்த உவமையைப் பற்றிப் பேசுகிறது, நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். மம்மது ஜன்னல் வழியாகக் குனிந்து, எப்போதும் பேசுகிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னார்.

"உவமையில ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. மேல இருந்து வாற கரண்டு எல்லாம் அது வரைக்கும் வருது, தெருவுக்கு ஒண்ணும் வரல. சொற்புயல் சரியாத்தான் சொன்னாரு. ஆனா டிரான்ஸ்பார்மர் தானா எரிஞ்சுது, அதைக் குத்தம் சொல்ல முடியாது. எரியவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டு, மாலையும் போட்டு, அதை அங்கனயே நிக்க வச்சிருக்கது நீங்கதான்."